ஆபரேஷன் முதலிலா, மெடிக்கல் முதலிலா?

“அவசரம் ஒண்ணும் இல்லம்மா, உங்க வசதியப் பார்த்துப் பண்ணிக்கலாம்” என்று சர்ஜன் சொல்கிற ஆபரேஷன்தான் வெளிநாட்டுக்குக் கிளம்பும் குடும்பங்களை அதிகம் படுத்துகிறது. குடல்வால் வெடித்தால் யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக தருமபுரி ஜி.ஹெச்.சுக்கோ சேலத்துக்கோ வண்டி கிளம்பிவிடும். பித்தப்பைக் கல், குடலிறக்கம், கர்ப்பப்பைக் கட்டி, தேய்ந்த முழங்கால் எல்லாம் அப்படியில்லை. தள்ளிப் போடலாம், முன்னால் இழுக்கலாம். நடுவில் விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனை வந்து உட்கார்ந்ததும் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நான். இந்தக் கேள்வி மாத்திரைச் சீட்டோடு சேர்ந்தே வரும். “ஏங்க்கா, ஆபரேஷன முடிச்சிட்டு மெடிக்கல் போறதா, மெடிக்கல முடிச்சிட்டு ஆபரேஷன் பண்ணிக்கறதா?” என் வீட்டிலேயே இது ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் டொரான்டோ பக்கம் இருக்கிறான். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு சூப்பர் விசா (கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போய் நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குக் கொடுக்கும் விசா) போட்டான். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அப்பாவுக்கு முழங்கால். ஒரே வீடு, ஒரே விசா, ஆனால் இருவருக்கும் பதில் ஒன்றாக அமையவில்லை.

மெடிக்கல் என்றால் என்ன என்பதே பலருக்குத் தெளிவாக இல்லாததால் அதைச் சொல்லிவிடுகிறேன். கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எதுவானாலும் நம் குடும்ப டாக்டரிடம் இதை எடுக்க முடியாது. அந்த நாட்டு அரசு பட்டியலில் வைத்திருக்கும் பேனல் டாக்டரிடம்தான் போக வேண்டும். கனடாவுக்கு எங்களுக்குப் பக்கம் பெங்களூருதான். கனடா மெடிக்கலில் பெரியவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், ரத்தத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பார்ப்பார்கள். அதோடு டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து, பழைய நோய், ஆபரேஷன், மாத்திரை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வார். வயிற்று ஸ்கேன் கிடையாது. மூட்டு எக்ஸ்ரேவும் வழக்கமாகக் கிடையாது. பேனல் டாக்டர் பாஸும் போடுவதில்லை, ஃபெயிலும் போடுவதில்லை. பார்த்ததை ஆன்லைனில் ஏற்றிவிடுவார். முடிவு அந்த நாட்டு அதிகாரிகள் கையில்.

இந்தப் பரிசோதனைக்கு ஆபரேஷன் எதிரி கிடையாது. வயிற்றில் தழும்பு இருக்கிறது என்று யாரும் விசாவை நிறுத்தியதில்லை. ஃபைலை நிறுத்துவது பாதியில் நிற்கும் சமாச்சாரம்தான். பாதி ஆறிய உடம்பு, வராத பயாப்ஸி (வெட்டியெடுத்த சதையைப் பரிசோதிப்பது) ரிப்போர்ட், “ஆபரேஷன் தேவை” என்று எழுதி அதற்குமேல் ஒன்றும் நடக்காத ஓ.பி. சீட்டு. அதனால் எது முதலில் என்று கேட்பதைவிட, மெடிக்கல் நாளன்று எது முடிந்துபோன விஷயமாக இருக்கும் என்று கேட்பது நல்லது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். பாதிப்பேர் “சரி, எது முதல்ல?” என்று மறுபடி கேட்பார்கள்.

அம்மாவின் கதை சுலபம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். ஸ்கேனில் கல். வலி கொடுக்காத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வலி வந்து வந்து போகிற கல்லை விட மாட்டார்கள், ஏனென்றால் அது குழாயில் போய் அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய வீக்கம் என்று அவசர ஆபரேஷனில் கொண்டுபோய் விடும். அந்த அவசரம் டொரான்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் பனிக்காலத்தில் வந்தால் என்ன ஆகும்? சூப்பர் விசாவில் போகிறவருக்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. அதனால் அம்மாவுக்கு ஆபரேஷன் முதலில் என்று முடிவெடுக்க வீட்டில் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

பேச வேண்டியிருந்தது இடைவெளியைப் பற்றித்தான். அண்ணனுக்கு அவசரம். “லேப்ராஸ்கோபிதானே, நாலு ஓட்டை, ஒரே வாரத்துல நடமாடுவாங்க, அடுத்த வாரமே மெடிக்கல் புக் பண்ணிடு” என்றான். நடமாடுவது வேறு, எக்ஸ்ரே வேறு. மேல்வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார்கள். மயக்க மருந்தின் விளைவும் சேரும். நுரையீரலின் அடிப்பாகம் கொஞ்சம் சுருங்கி எக்ஸ்ரேயில் நிழலாக விழலாம். வீட்டு டாக்டர் அதைப் பார்த்தால் “ஆபரேஷன் ஆனதால, சரியாயிடும்” என்று விட்டுவிடுவார். பேனல் டாக்டரின் முதல் வேலையோ காசநோயைத் தேடுவது. அதுவும் இந்தியாவிலிருந்து போகிறவருக்கு. சந்தேகம் என்று குறித்துவிட்டால் மூன்று நாள் சளி கொடுக்க வேண்டும். அதில் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் வைத்து முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். ஒரு மாதம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மாதம் இழுபடுகிற கணக்கு இது.

ரத்தத்திலும் அப்படி ஒரு விஷயம் உண்டு. அதைத்தான் நான் தினமும் என் கையாலேயே விற்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். வயதானவர்கள், தண்ணீர் சரியாகக் குடிக்காதவர்கள், ஏற்கெனவே சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்கள் இதைத் தொடர்ந்து போட்டால் கிரியேட்டினின் ஏறும். சிறுநீர் போக கத்தீட்டர் குழாய் போட்டு எடுத்திருந்தால் சில நாளைக்குச் சிறுநீரில் ரத்த அணுக்கள் தெரியலாம். இரண்டுமே தானாக இறங்கக்கூடியவைதான். ஆனால் அந்த நேரத்தில் மெடிக்கல் வைத்துக்கொண்டால் மறு டெஸ்ட், சிறுநீரக டாக்டரின் கடிதம் என்று அலைய வேண்டும். சாதாரண நாளிலும், முழங்கால் வலிக்கு நாங்கள் கேட்காமலே “அந்த மஞ்ச மாத்திர குடு கண்ணு” என்று வாங்கிப்போகும் பெரியவர்களிடம், மெடிக்கல் இருந்தால் டாக்டரைக் கேட்டு அதை முன்கூட்டியே நிறுத்துங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இன்னொன்று பயாப்ஸி. எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் அன்று அந்த ரிப்போர்ட் கையில் வராது. சின்ன ஊர்களில் யாரும் திரும்பிப் போய் அதை வாங்குவதும் இல்லை, உடம்புதான் சரியாகிவிட்டதே. விசா ஃபைலுக்கு அந்தக் காகிதம் தங்கம். அதில் “புற்று இல்லை” என்ற ஒரு வரி இருந்தால் அம்மாவின் பித்தப்பை அத்தோடு முடிந்த கதை. நான் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து அதை வாங்கினேன். சர்ஜனிடம் ஒரு மறுபரிசோதனை, “முழுவதும் குணமாகிவிட்டார், மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை” என்று லெட்டர்ஹெட்டில் நான்கு வரி. ஒன்றரை மாதம் போல விட்டு பெங்களூரு கிளம்பினோம்.

எக்ஸ்ரே அறையில் அம்மா தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டாள். டெக்னீஷியன் பெண் கன்னட வாடையில் தமிழ் பேசினாள். வாதாடவே இல்லை. “கழட்ட வேண்டாம்மா, மேல தூக்கி வாயில கடிச்சுக்கோங்க, மூச்சு இழுத்துப் புடிங்க” என்றாள். அம்மா தாலியைப் பல்லில் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். அடுத்து டாக்டர் அறையில் வயிற்றைப் பார்த்ததும், நாங்கள் வாயைத் திறக்கும் முன்னே, “பித்தப்பைய எடுத்தாச்சா? எப்போ?” என்று கேட்டார். தொப்புளிலும் வலது விலாவுக்குக் கீழேயும் இருந்த தழும்புகளே பதில் சொல்லிவிட்டன. காகிதங்களைக் கொடுத்தோம். புரட்டினார், அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார், முடிந்தது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், “சொல்லாதீங்க, ஸ்கேனே எடுக்க மாட்டாங்க, எப்படித் தெரியும்?” என்று உபதேசம் செய்யும் ஏஜென்ட்கள் எங்கள் ஊர்ப் பக்கம் நிறைய. கேள்வித்தாளில் ஆபரேஷன் ஆனதா என்று நேராகவே கேட்கிறார்கள். “இல்லை” என்று எழுதிவிட்டு வயிற்றைக் காட்டினால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்வதில்லை. கனடா சட்டத்தில் பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை இருக்கிறது. ஒரு பித்தப்பைக்காக ஐந்து வருடம்! உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம்.

அப்பாவின் கதை அவ்வளவு நேர்கோட்டில் போகவில்லை. அதற்கு எங்கள் மண்ணும் ஒரு காரணம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பாறைக்குள் ஆழமாகப் போர் போட்டு எடுத்த தண்ணீரில் அதைவிட அதிகமாக இருக்கும் ஊர்கள் இங்கே ஏராளம். ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் முழுப்பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் இருக்கிறது. என் அண்ணன் பிள்ளைகளின் வயதுக்காரர்களுக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது. என் பல்லில் காவிக்கோடு உண்டு. அப்பாவோ வாழ்நாளின் பெரும்பகுதி தக்காளித் தோட்டத்துப் போர்த் தண்ணீரையே குடித்தவர். பல்லோடு நிற்காமல் அது எலும்புக்கும் போனது. முதுகு திரும்பாது, குனிந்தால் நிமிர நேரமாகும், முழங்கால் மடங்காது.

நெஞ்சு எக்ஸ்ரே நுரையீரலைப் பார்க்கத்தான் எடுக்கிறார்கள், ஆனால் விலா எலும்பும் முதுகெலும்பும் அதில் தெரியாமல் இருக்காது. ஃப்ளோரோசிஸ் வந்த எலும்பு எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கும். எங்கள் பக்கத்து எலும்பு டாக்டர்களுக்கு அது பழகிய காட்சி. வேறு இடத்தில் இருக்கும் ரேடியாலஜிஸ்டுக்கு, வயதான ஆணின் எலும்பு இப்படி அடர்ந்து தெரிந்தால், முதலில் நினைவுக்கு வருவது பிராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்குமோ என்பதுதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, படிப்பு அப்படித்தான் சொல்கிறது. அப்பாவுக்கு நிபுணர் அறிக்கை கேட்டார்கள். பிராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, முன்கை எலும்பின் எக்ஸ்ரே, “பல்லாண்டு ஃப்ளோரைடு நீரால் வந்த எலும்புப் பாதிப்பு, தொற்று அல்ல, புற்று அல்ல” என்று எலும்பு மருத்துவரின் கடிதம், எல்லாம் கொடுத்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. எந்த இணையதளத்திலும் இதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். அப்பா ஒரு முறை போய்க் காட்டியபோது, ஓ.பி. கூட்டத்தில் ஒரு சர்ஜன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, சீட்டில் “அட்வைஸ்டு டி.கே.ஆர்.” என்று கிறுக்கினார். மூட்டு மாற்று ஆபரேஷன் பரிந்துரைக்கப்படுகிறது என்று அர்த்தம். அவருக்கு அது அன்றைய எண்ணற்ற சீட்டுகளில் ஒன்று. வெளிநாட்டு அதிகாரி கண்ணில் அது இனி வரப்போகும் செலவு, வரிசையில் சேரப்போகும் ஒரு நோயாளி.

கனடா சட்டத்தில் விண்ணப்பத்தை மறுக்க, பொதுச் செலவுக்கு “மிகையான சுமை” என்று ஒரு காரணம் உண்டு. 2018-க்குப் பிறகு சராசரி கனடியருக்கு ஆகும் செலவின் மூன்று மடங்கு அதன் வரம்பு. 2025 கணக்கில் வருடத்துக்கு 27,162 கனடிய டாலர், ஐந்து வருடத்துக்கு 1,35,810. செலவு மட்டுமல்ல, ஏற்கெனவே நீண்டு கிடக்கும் காத்திருப்பு வரிசையை இன்னும் நீட்டுவாரா என்பதும் அதே சட்டப்பிரிவில் இருக்கிறது. கணவன், மனைவி, சின்னப் பிள்ளைகளை ஸ்பான்சர் செய்தால் இந்த விதி பொருந்தாது. அப்பா அம்மாவை நிரந்தரமாக அழைத்தால் பொருந்தும். முழங்கால் மாற்று அந்த வரிசையின் பிரசித்தி பெற்ற உதாரணம். அங்கே இதற்கு 26 வாரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அதற்குள் கிடைப்பதில்லை. அந்த 26 வாரமும் சர்ஜனைப் பார்த்து முடிவானதிலிருந்து ஓடும் கணக்கு. சர்ஜனைப் பார்க்கவே ஒரு காத்திருப்பு இருக்கிறது.

“அங்க போனா எல்லாம் ஃப்ரீ, அங்கயே பண்ணிக்கலாம்” என்று பெருமையாகச் சொல்லும் சொந்தக்காரர்கள் இதைக் கேட்பது நல்லது. நிரந்தரமாக வசிக்கும் உரிமையோடு (பி.ஆர்.) போகிறவருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வந்திறங்கிய மாதத்தின் மிச்சமும் அடுத்த இரண்டு மாதமும் அரசுக் காப்பீடு கிடையாது. சூப்பர் விசாக்காரருக்கு எந்த மாகாணத்திலும் கிடையாது. அதனால்தான் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு ஒரு வருடத் தனியார் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் அந்த விசாவே. நிரந்தரமாக அழைக்கப்படும் பெற்றோர் என்றால், மூட்டு மாற்று உண்மையிலேயே தேவைப்பட்டால், இங்கேயே முடித்து, நன்றாக நடக்க ஆரம்பித்து, பிசியோதெரபி ரிப்போர்ட்டோடு மெடிக்கலுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். இங்கே நாளைக்கே தேதி கொடுப்பார்கள். மூட்டுக் கருவிக்கு 2017-ல் மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்த பிறகு அந்தப் பகுதிச் செலவும் இறங்கியிருக்கிறது.

அமெரிக்கா போகிற பெரியப்பா மகளுக்கு வேறு மாதிரியான சிக்கல். ஓசூரில் நர்ஸ். கர்ப்பப்பைக் கட்டியால் ரத்தம் குறைந்து, ஆபரேஷன் சமயத்தில் ரத்தம் ஏற்றினார்கள். அமெரிக்கக் குடியேற்ற மெடிக்கலில் தடுப்பூசி வரலாறும் பார்ப்பார்கள். அதில் தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். உயிருள்ள கிருமியில் செய்தது. ரத்தம் ஏற்றிய பிறகு சுமார் ஆறு மாதத்துக்கு அதைப் போட்டால் உடம்பில் சரியாகப் பிடிக்காது. வேறொருவரின் ரத்தத்தில் வந்த எதிர்ப்பொருள் ஊசியை அடக்கிவிடும். அக்கா இதைத் தெரிந்து வைத்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்பே, கட்டியைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தபோதே ஊசிகளை முடித்துக்கொண்டாள். அந்த மெடிக்கல் பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும், மும்பை துணைத் தூதரக இன்டர்வியூ தேதியோடு ஒட்டி வர வேண்டும், அதனால் அங்கே கணக்கு இன்னும் இறுக்கம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பையன்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம்: குடலிறக்கம் இருந்தால் டாக்டர் கைக்கே அகப்படும். அதை முடித்துவிட்டு, பாரம் தூக்கலாம் என்று சர்ஜன் எழுதிக் கொடுத்த பிறகு போங்கள்.

மெடிக்கல் முடிந்த பிறகு, பயணத்துக்கு முன் ஆபரேஷன் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. கனடா மெடிக்கல் 12 மாதம் செல்லும். அதற்குள் போய் இறங்க வேண்டும். முழங்கால் மாதிரி பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் ஆபத்து வாரக்கணக்கில் இருக்கும். அந்தக் காலை மடக்கி வைத்துக்கொண்டு பதினைந்து, இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்வதை எந்த சர்ஜனும் சீக்கிரம் அனுமதிக்க மாட்டார். அதனால் அந்த 12 மாதத்தில் குணமாகும் மாதங்களைக் கழித்துவிட்டுத்தான் எஞ்சியதைக் கணக்கிட வேண்டும். பெரிய மாற்றம் நடந்தால் விண்ணப்பத்தில் தெரிவிக்கவும் வேண்டும். உடம்பு கேட்கிற ஆபரேஷனை விசாவுக்காகத் தள்ளிப் போடுவது மட்டும் வேண்டாம். மெடிக்கலை மறுபடி எடுக்கலாம், பணம்தான் போகும்.

அப்பா விஷயத்தில், அந்த டி.கே.ஆர். கிறுக்கலை மறைக்கவும் வேண்டாம், அதற்காகப் பயந்து ஆபரேஷனுக்கு ஓடவும் வேண்டாம் என்று முடிவு செய்து, கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பார்க்கிற இன்னொரு எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் நடக்க வைத்தார், படி ஏறச் சொன்னார், முதுகையும் சேர்த்துப் பார்த்தார். “இவருக்கு வலியில பாதி முதுகுலேர்ந்து வருது. முட்டிய மட்டும் மாத்தி என்ன புண்ணியம்? இப்போதைக்கு உடற்பயிற்சி போதும்” என்றார். அதையே எழுதியும் கொடுத்தார். பேனல் டாக்டரிடம் இரண்டு காகிதத்தையும் சேர்த்தே கொடுத்தோம்.

மெடிக்கல் இருவருக்கும் தேறிவிட்டது. இப்போது இழுப்பது இன்சூரன்ஸ். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு வேண்டுமென்றால், குறிப்பிட்ட காலத்துக்கு அது “நிலையாக” இருந்திருக்க வேண்டும் என்பார்கள். பாலிசியைப் பொறுத்து 90 நாள், 180 நாள். அந்தக் காலத்தில் மாத்திரை மாறக் கூடாது, புது சிகிச்சை கூடாது, பரிந்துரைத்த ஆபரேஷன் பாக்கி இருக்கக் கூடாது. அம்மாவுக்குப் பித்தப்பையே இல்லை, அதில் சிக்கலும் இல்லை, அவளுடைய பி.பி. மாத்திரை மாறாமல் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவின் முழங்காலை பாலிசியிலிருந்து விலக்கித் தருகிறோம் என்கிறது ஒரு கம்பெனி. அண்ணன் வேறு கம்பெனியில் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கு இதில் அக்கறை இல்லை. தக்காளி விலை ஏறியிருக்கிறது, பறித்து முடித்துவிட்டுத்தான் டிக்கெட் என்கிறார்.